6,600 மடங்கு பெரிசா பார்த்தா குழந்தை பிறக்குமா?

1/
போன பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலம் முடிச்சுட்டு கால் வலியோட ஒரு தம்பதி என் கிளினிக்குக்கு வந்தாங்க. செங்கம் பக்கத்துக் கிராமம். கல்யாணமாகி எட்டு வருஷம். கையில் ஒரு தடிமனான ஃபைல்.

"சார், ட்ரீட்மென்ட்டுக்கு வரல. இந்தப் பேப்பர்ல இருக்கிறது என்னன்னு மட்டும் சொல்லுங்க."

பெருநகரத்தில் உள்ள ஒரு கருத்தரிப்பு மையம் கொடுத்த செலவுப் பட்டியல் அது. ஐவிஎஃப், இக்ஸி, மருந்து, மயக்க மருந்து என்று வரிசையாகப் போய், நடுவில் ஒரு வரி: "இம்ஸி - 6,600 மடங்கு உருப்பெருக்கத்தில் விந்தணு தேர்வு".

(அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/
கணவர் விவசாயி. ஒரு போகம் மல்லாட்டை போட்டு எடுத்தாலும் அந்த ஒரு வரிக்குப் பத்தாது.

"கட்டாயம் வேணுமான்னு கேட்டேன் சார். உங்களுக்கு 97 சதவீதம் அணு கெட்டுப்போனது, இதைச் செஞ்சாத்தான் நல்லதைப் பொறுக்க முடியும்னு சொன்னாங்க."

மனைவி அதுவரை பேசவே இல்லை. "மாட்டை வித்துடலாம்னு இருக்கோம் சார்" என்றார்.

அன்றைக்கு அவங்களுக்கு நான் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நான் கருத்தரிப்பு நிபுணர் இல்லை, பொதுநல மருத்துவர்தான். ஆனால் இந்த வரிக்குப் பின்னால் இருக்கும் மைக்ராஸ்கோப்பைப் பற்றித் தெரிந்துகொண்டால் உங்கள் பணம் மிச்சமாகலாம். நீளமான பதிவு, பொறுமையாகப் படிங்க.

3/
முதலில் அந்த 97 சதவீதம்.

விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் "இயல்பான வடிவம் 3%" என்று இருந்தது. பார்த்தால் பகீர்னுதான் இருக்கும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2010 கையேட்டுப்படி இதற்கான கீழ் எல்லையே 4 சதவீதம்தான். இயல்பாகக் குழந்தை பெற்ற ஆண்களிடமே 90 சதவீதத்துக்கும் மேல் "வடிவம் சரியில்லாத" அணுக்கள் இருப்பது சாதாரணம்.

3க்கும் 4க்கும் உள்ள வித்தியாசம், எண்ணுகிற டெக்னீஷியன் மாறினாலே வரக்கூடியது. "97 சதவீதம் கெட்டது" என்று சொல்வது கணக்குப்படி பொய் இல்லை. ஆனால் கேட்பவரைப் பயமுறுத்த இதைவிட நல்ல வழியும் இல்லை.

4/
சரி, இக்ஸி என்றால் என்ன, இம்ஸி என்றால் என்ன?

1978ல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது. அதே வருஷம் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் முயற்சியில் நம் நாட்டிலும் ஒன்று. 1990ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் மூலம் தென்னிந்தியாவின் முதல் குழந்தை. அப்போதெல்லாம் கருமுட்டையையும் விந்தணுக்களையும் ஒரே டிஷ்ஷில் சேர்த்து வைப்பார்கள். எந்த அணு உள்ளே போகும் என்பதை இயற்கையே பார்த்துக்கொள்ளும்.

1992ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரக் குழு ஒன்று, ஒரே ஒரு விந்தணுவை மெல்லிய ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் கர்ப்பமானதை வெளியிட்டது. அதுதான் இக்ஸி. விந்தணு மிகக் குறைவாக உள்ள ஆண்களுக்கு அது பெரிய வரம், அதில் சந்தேகமே இல்லை.

5/
இக்ஸியில் ஒரு புதுக் கேள்வி வந்தது. ஆயிரக்கணக்கில் நீந்துகிற அணுக்களில் எதை எடுப்பது? வழக்கமாக 200 முதல் 400 மடங்கு உருப்பெருக்கத்தில் எம்ப்ரியாலஜிஸ்ட் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்.

2000க்குப் பிறகு இஸ்ரேலைச் சேர்ந்த பார்தோவ் குழுவினர் இன்னும் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்றார்கள். விந்தணுவின் தலையில் குழி மாதிரித் தெரியும் சின்னச் சின்ன இடங்கள் (வேக்குவோல்) இருந்தால் அந்த அணுவைத் தவிர்க்கலாம் என்பது அவர்கள் யோசனை. அதுதான் இம்ஸி. கருத்து நல்ல கருத்துதான்.

இந்தக் குழியை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

6/
விந்தணுவின் தலை சுமார் 4 முதல் 5 மைக்ரான் நீளம். அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டினால் அதில் நாலைந்து துண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், அது கண்ணாடி மாதிரி நிறமே இல்லாதது. தண்ணீருக்குள் போட்ட ஐஸ் துண்டு மாதிரி. சாதாரண மைக்ராஸ்கோப்பில் ஓரம் மட்டும் லேசாகத் தெரியும்.

சாயம் போட்டால் தெளிவாகத் தெரியும். ஆனால் சாயம் போட்ட அணு செத்துவிடும். முட்டைக்குள் செலுத்த உயிரோடு வேண்டும்.

சாயம் போடாமல், நிறமில்லாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரிய வைக்கணும். அதற்கு வழி கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நோமார்ஸ்கி. போலந்தில் பிறந்து பிரான்ஸில் வேலை பார்த்த இயற்பியலாளர். 1950களில் அவர் வடிவமைத்த முறைதான் இன்று டிஐசி எனப்படுவது. இம்ஸிக்கு அடிப்படையே இதுதான்.

7/
டிஐசி படம் எப்படி இருக்கும்? நம்ம ஊர் உதாரணமே சொல்கிறேன்.

கிரிவலப் பாதையில் குபேர லிங்கம் பக்கம் காலை ஏழு மணிக்கு நின்று மலையைப் பாருங்கள். வெயில் பக்கவாட்டில் விழும். ஒவ்வொரு மடிப்பும், ஓடையும், பாறையும் நிழல் விழுந்து தனித்தனியாகத் தெரியும். அதே இடத்தில் உச்சி வெயிலில் நின்றால் மலை தட்டையாக, ஒரே நிறமாகத் தெரியும். மலை மாறவில்லை, வெளிச்சம் விழும் விதம்தான் மாறியது.

டிஐசியும் பக்கவாட்டு வெயில் அடித்த மாதிரி ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழலாகக் காட்டும். ஆனால் அங்கே உண்மையில் நிழலே கிடையாது. அது ஒளியின் கணக்கு.

8/
அந்தக் கணக்கு இப்படி.

விளக்கின் ஒளி முதலில் ஒரு போலரைசர் வழியாகப் போகும் (கூலிங் கிளாஸில் வருமே, அதே வகை). பிறகு ஒரு ப்ரிஸம். அது ஒவ்வொரு கதிரையும் இரண்டாகப் பிரிக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மைக்ராஸ்கோப்பே பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்குச் சின்னது.

இரண்டு கதிரும் பக்கத்துப் பக்கத்தில் விந்தணுவைக் கடக்கின்றன. ஒன்று தடிமனான இடத்தையும் மற்றது மெல்லிய இடத்தையும் கடந்தால் ஒன்று கொஞ்சம் பின்தங்கும். பிறகு ஆப்ஜெக்டிவ் லென்ஸ். அதற்குப் பின்னால் இரண்டாவது ப்ரிஸம். பிரிந்த இரண்டையும் அது மறுபடி ஒன்றாகச் சேர்க்கும். கடைசியில் இன்னொரு போலரைசர். பின்தங்கிய அளவு இப்போது வெளிச்சமாகவோ இருட்டாகவோ கண்ணுக்குத் தெரியும்.

9/
இங்கேதான் முக்கியமான இடம். கவனிங்க.

முதல் ப்ரிஸம் எவ்வளவு பிரித்ததோ, சரியாக அவ்வளவுதான் இரண்டாவது ப்ரிஸம் சேர்க்கணும். நடுவில் ஆப்ஜெக்டிவ் லென்ஸ் இருக்கிறது. 10 மடங்கு லென்ஸ் ஒளியை வளைக்கும் விதம் வேறு, 40 மடங்கு வேறு, 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் வேறு. ஒவ்வொரு லென்ஸுக்கும் உள்ளே ஒளி குவிகிற தளமும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். இரண்டாவது ப்ரிஸத்தின் வேலை அந்தத் தளத்தில் நடக்கணும். லென்ஸுக்கு வெளியே ப்ரிஸத்தை வைத்தாலும் அந்த வேலை உள்ளே நடக்கும்படி செய்ததுதான் நோமார்ஸ்கியின் கெட்டிக்காரத்தனம்.

அதனால் லென்ஸை மாற்றினால் ப்ரிஸத்தையும் மாற்றணும். சில கம்பெனிகளின் அமைப்பில் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனி ப்ரிஸம். சிலவற்றில் லென்ஸ் பக்கம் ஒரே ப்ரிஸம் போதும், விளக்குப் பக்கத்து ப்ரிஸத்தை மட்டும் மாற்றினால் சரி. ஒரு கம்பெனியின் ப்ரிஸத்தை இன்னொரு கம்பெனி லென்ஸோடு போட்டால் பொதுவாக ஒத்துவராது. ஒரே கம்பெனியிலும் பழைய தலைமுறைப் பாகமும் புதியதும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

10/
கோயில் வாசலில் செருப்பு மாறிப்போன அனுபவம் நம்ம ஊரில் யாருக்குத்தான் இல்லை? இரண்டுமே நல்ல செருப்புதான். ஒன்று ஏழாம் நம்பர், இன்னொன்று ஒன்பது. வீடு வரைக்கும் நடக்கலாம். நொண்டிக்கொண்டே நடக்கணும்.

பொருந்தாத ப்ரிஸமும் அப்படித்தான். படமே வராமல் போனால் கூடப் பரவாயில்லை, தப்பு உடனே தெரிந்துவிடும். பிரச்சினை என்னவென்றால், படம் வரும். ஒரு மூலை வெளுப்பாகவும் எதிர் மூலை கருப்பாகவும், ஓரங்கள் லேசாக இரட்டையாகவும் வரும். தெரியாதவர் அதையே "டிஐசி படம்" என்று நினைத்துக்கொள்வார்.

11/
கருவுயிரியல் லேபில் வேலை பார்க்கும் ஒரு நண்பர் எனக்கு இதைச் செய்தே காட்டினார்.

எண்ணெய் லென்ஸில் ஒரு விந்தணு. தலை, கழுத்து எல்லாம் பொம்மை செய்து வைத்த மாதிரி அழகாகப் புடைத்துத் தெரிந்தது. லென்ஸைத் தொடவே இல்லை. விளக்குப் பக்கம் ப்ரிஸம் இருக்கும் சக்கரத்தை மட்டும் ஒரு கிளிக் தள்ளினார். புடைப்பு போய்விட்டது. திரை முழுக்க ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நிழல் படர்ந்தது.

"உருப்பெருக்கம் இப்பவும் அதேதான் டாக்டர். திரையில அதே எண்தான் எழுதியிருக்கும். பில்லுலயும் அதேதான் எழுதுவாங்க" என்றார்.

12/
அடுத்து அவர் இன்னொன்று செய்தார். சரியான ஜோடியைத் திரும்ப வைத்து, மேல் ப்ரிஸத்தை நகர்த்தும் திருகை எதிர்ப்பக்கம் திருப்பினார். குழியாகத் தெரிந்த இடம் மேடாகத் தெரிந்தது!

நான் சொன்னேன் அல்லவா, அது உண்மையான நிழல் இல்லை என்று. எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் இருட்டு என்பதை முடிவு செய்வது ப்ரிஸத்தின் நிலை. அனுபவமுள்ள எம்ப்ரியாலஜிஸ்டுக்கு இது தெரியும், அவர் ஏமாற மாட்டார். ஆனால் திரையில் படத்தைக் காட்டி "பாருங்க, இந்த அணுவில் ஓட்டை" என்று உங்களிடம் சொல்லும்போது உங்களுக்கு அது தெரியாது.

13/
டிஷ்ஷும் இந்த ஜோடிக்குள் வந்துவிடும். ஏன் என்று வீட்டிலேயே பார்க்கலாம்.

லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். அதற்கு முன்னால் தெளிவான பிளாஸ்டிக் டப்பா மூடி ஒன்றைப் பிடியுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். மூடியில் வானவில் தெரியும்.

அச்சில் வார்த்த பிளாஸ்டிக் இப்படித்தான் ஒளியைக் குழப்பும். டிஐசியின் இரண்டு ப்ரிஸத்துக்கும் நடுவில் பிளாஸ்டிக் டிஷ் வைத்தால் கணக்கு மொத்தமும் கெட்டுவிடும். அதனால் இம்ஸிக்கு அடிப்பகுதி கண்ணாடியாக உள்ள டிஷ் வேண்டும்.

வழக்கமான இக்ஸி பிளாஸ்டிக் டிஷ்ஷில்தான் நடக்கிறது. அதனால் அங்கே பெரும்பாலும் டிஐசி இல்லை, ராபர்ட் ஹாஃப்மன் 1975ல் வெளியிட்ட முறையோ அது மாதிரி இன்னொன்றோ இருக்கும். அதிலும் ஜோடி உண்டு. விளக்குப் பக்கத்துப் பிளவும் லென்ஸுக்குள் இருக்கும் தகடும் பொருந்தணும்.

14/
இப்போது அந்த 6,600க்கு வருவோம்.

ராஜகோபுரத்தை தூரத்திலிருந்து போனில் படம் எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரளவுக்கு மேல் சிலைகள் தெளிவாவதில்லை. வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

மைக்ராஸ்கோப்புக்கும் இதே கதைதான். நல்ல எண்ணெய் லென்ஸ் (என்.ஏ. 1.4) பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சின்ன தூரம் சுமார் 0.2 மைக்ரான். ஒளியின் இயல்பே அப்படி, எந்தக் கம்பெனியாலும் அதை மீற முடியாது. அப்படிப்பட்ட லென்ஸுக்குப் பயனுள்ள உருப்பெருக்கம் சுமார் 1,400 மடங்கு வரைதான். அதற்கு மேல் கேமராவும் திரையும் படத்தைப் பெரிதாக்குகின்றன. பார்க்க வசதி, அவ்வளவுதான். புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. இன்னும் பெரிய டிவி வாங்கி மாட்டினால் 10,000 மடங்கு என்றும் எழுதலாம்.

6,600 என்ற எண் பொய் இல்லை. ஆனால் அந்த எண்ணுக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

15/
டிஐசியே வேஸ்ட் என்று சொல்ல வரவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜான் சல்ஸ்டன் என்ற விஞ்ஞானி இதே நோமார்ஸ்கி முறையில், கண்ணாடி மாதிரியான ஒரு சின்னப் புழு கருவாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் பிரிவதை உயிரோடு பார்த்து வரைந்தார். 2002ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஜோடி பொருந்தி, பார்ப்பவருக்குப் பொறுமையும் இருந்தால் டிஐசி அற்புதமான கருவி.

என் கேள்வி வேறு. இந்தக் கருவியில் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் குழந்தை கைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறதா?

16/
இதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. இக்ஸியையும் இம்ஸியையும் ஒப்பிட்ட 13 ஆய்வுகளை, மொத்தம் 2,775 தம்பதிகளை, காக்ரேன் அமைப்பு 2020ல் தொகுத்து அலசியது. ஆய்வுகளின் தரம் மிகக் குறைவு, குழந்தை பிறப்பு கூடுகிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இம்ஸியை ஆதரிக்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை என்பதுதான் அதன் முடிவு.

அதாவது "உதவாது" என்று நிரூபணம் ஆகவில்லை. "உதவும்" என்றும் ஆகவில்லை. இந்த நிலையில் உள்ள ஒன்றை "இதைச் செஞ்சாத்தான்" என்று சொல்லி விற்பது சரியா?

17/
"பார்த்துத்தான் எடுக்கப் போறாங்க, கொஞ்சம் நல்லாப் பார்த்து எடுத்தா என்ன நஷ்டம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

ஒன்று, நேரம். எண்ணெய் லென்ஸில் ஒவ்வொரு அணுவாகத் தேடுவது சாதாரண இக்ஸியைவிட ரொம்ப நேரம் பிடிக்கும். எடுத்த முட்டை அதுவரை காத்திருக்கணும்.

இரண்டு, பணம். ஐவிஎஃப் முதல் முறையிலேயே பலருக்குக் கைகூடுவதில்லை. மறுமுறை முயற்சி செய்யக் கையில் காசு இருப்பது பெரிய விஷயம். அந்தக் காசை நிரூபணமாகாத ஒன்றில் போட்டுவிட்டால் மறுமுறை என்பதே இல்லாமல் போகலாம்.

மூன்று, வயது. வெற்றியைத் தீர்மானிப்பதில் பெண்ணின் வயதுக்குப் பெரிய பங்கு. என்னிடம் வந்த அந்தப் பெண்ணுக்கு வயது 34. மாடு விற்றுப் பணம் சேர்க்கும் வரை தள்ளிப்போடுகிற மாதங்கள் இருக்கிறதே, அதுதான் நிஜமான நஷ்டம்.

18/
என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன்.

இம்ஸி செய்ய விரும்பும் மையங்கள் செய்யட்டும். ஆனால் "இது இன்னும் நிரூபணம் ஆகவில்லை" என்று தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்யட்டும். உருப்பெருக்க எண்ணை விளம்பரமாக்க வேண்டாம்.

இது என் ஆசை மட்டும் இல்லை. 2021ல் வந்த செயற்கைக் கருத்தரிப்பு முறைப்படுத்தும் சட்டப்படி, வெற்றி வாய்ப்பு, நன்மை, குறை, செலவு, பக்கவிளைவு எல்லாவற்றையும் தம்பதிக்கு எடுத்துச் சொல்வது மையத்தின் கடமை. குறை தீர்க்கும் பிரிவும் ஒவ்வொரு மையத்திலும் இருக்கணும். கேட்பது உங்கள் உரிமை.

19/
என்ன கேட்கலாம்?

👉 இது எங்களுக்கு ஏன் வேண்டும்? எந்த ரிப்போர்ட்டை வைத்துச் சொல்கிறீர்கள்?

👉 எங்கள் வயதில் உள்ளவர்களில், இதைச் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் உங்கள் மையத்தில் எத்தனை குழந்தை பிறந்தது? (கர்ப்பம் உறுதியானது எத்தனை என்று இல்லை. குழந்தை எத்தனை.)

👉 இது இல்லாமல் செய்தால் மொத்தச் செலவு எவ்வளவு? தனித்தனியாக எழுதித் தாருங்கள்.

👉 இம்ஸிக்குக் கண்ணாடி டிஷ்தான் வைக்கிறீர்களா? ப்ரிஸமும் லென்ஸும் ஒரே செட்டா? கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்?

நாலாவது கேள்வியைக் கேட்க நீங்கள் இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. நல்ல லேபில் வேலை பார்ப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்டால் சந்தோஷப்படுவார். லேபுக்குள் உங்களை விட மாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் அவர்கள் காட்டும் படத்தைப் பாருங்கள். அணு இல்லாத வெற்றிடம் திரையின் எல்லா மூலையிலும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கணும். ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுத்திருந்தால் "ஏன் இப்படி?" என்று கேளுங்கள்.

20/
அந்தத் தம்பதிக்கு இந்தக் கேள்விகளை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். "தம்பி, சண்டைக்குப் போகாதீங்க. மரியாதையாக் கேளுங்க. பதில் சொன்னா கேட்டுக்குங்க. மாட்டை மட்டும் அதுக்குள்ள வித்துடாதீங்க."

பத்து நாள் கழித்து போன் வந்தது. மனைவிதான் பேசினார்.

"கேட்டோம் சார். அது ஆப்ஷனல்தான், வேணாம்னா விட்டுடலாம்னு சொல்லிட்டாங்க."

முதல் நாள் கட்டாயம் என்று சொன்னது, கேட்டதும் ஆப்ஷனல் ஆகிவிட்டது. அந்த வரியை அடித்துவிட்டு வேறு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். சிகிச்சை அடுத்த மாதம் தொடங்குகிறது. நல்லபடியாக முடியணும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன். மாடு வீட்டில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இப்படி ஒரு பட்டியல் இருந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள். குழந்தைக்காகக் காத்திருப்பவர்களிடம் "ஏன் இன்னும் விசேஷம் இல்ல?" என்று கேட்பதைவிட இது உபயோகமாக இருக்கும்.



பொதுநல மருத்துவர்
வேங்கிக்கால், திருவண்ணாமலை